36 பேர் விட்டுச் சென்ற தீவு: சென் கில்டாவுக்கு ஒரு நாள் பயணம்

ஸ்கொட்லாந்தின் மேற்கே, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளையும் தாண்டி, அத்திலாந்திக் சமுத்திரத்தில் சுமார் 64 கிலோமீற்றர் தொலைவில் சென் கில்டா தீவுக்கூட்டம் இருக்கிறது. ஹேர்ட்டா, டூன், சோய், போரரே என நான்கு தீவுகள். அவற்றைச் சுற்றிக் கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைகள். குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்த இடம் ஹேர்ட்டா. 1930 ஓகஸ்ட் 29 அன்று அங்கு எஞ்சியிருந்த 36 பேரும் ஒரே கப்பலில் ஏறி வெளியேறினார்கள். அதன் பின்னர் அங்கு நிரந்தரமாக எவரும் குடியேறவில்லை.

இன்று அந்தத் தீவுக்குக் கோடைகாலத்தில் சிறு படகுகள் நாளாந்தச் சுற்றுலா நடத்துகின்றன. நானும் அப்படியொரு குழுவில் சென்றேன். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்பவற்றோடு, அங்கு சொல்லப்படும் கதையை எப்படிக் கேட்பது என்பதையும் இங்கே எழுதுகிறேன். மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது என்று நினைக்கிறேன்.

படகும் காலநிலையும்

பெரும்பாலான படகுகள் ஹரிஸ் தீவின் தெற்கு முனையிலுள்ள லெவர்பரோ என்ற சிறு துறைமுகத்திலிருந்தோ, ஸ்கை தீவிலிருந்தோ புறப்படுகின்றன. ஸ்கை தீவின் ஊய்க் துறையிலிருந்து ஹரிஸில் உள்ள டார்பர்ட் துறைக்குப் பயணிகள் கப்பல் உண்டு. அங்கிருந்து லெவர்பரோவுக்குத் தரைவழிப் பயணம். லெவர்பரோ என்ற பெயருக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சன்லைட் சவர்க்காரத்தை உலகெங்கும் விற்ற லெவர் சகோதரர்கள் நிறுவனத்தை நிறுவிய வில்லியம் லெவர், முதலாம் உலகப் போருக்குப் பின் இந்தப் பகுதியை வாங்கி மீன்பிடித் துறைமுகமாக்க முயன்றார். திட்டம் கைகூடவில்லை. அவரது பெயர் மட்டும் ஊருக்கு நின்றுவிட்டது.

சிறு வணிகப் படகுகள் 12 பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பிரித்தானிய விதி. 'சிறு குழு' என்று விளம்பரங்களில் வருவதன் பின்னணி அதுதான். கட்டணம் ஒருவருக்கு 200 பவுண்டைத் தாண்டும். போக ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், திரும்ப மூன்று மணித்தியாலம், கரையில் நான்கு அல்லது ஐந்து மணித்தியாலம். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரைதான் பருவம். அந்த மாதங்களிலும் காற்று சற்றுப் பலத்தால் பயணம் இரத்தாகும். ஆகவே ஒரு நாளை மட்டும் நம்பிப் போவது சரிவராது, மாற்று நாள் ஒன்றையும் ஒதுக்கி வைக்க வேண்டும். தீவில் உணவகம் கிடையாது. சாப்பாடு, தண்ணீர், மழையங்கி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்தித் தடுப்பு மாத்திரையை ஏறுவதற்கு முன்னரே எடுத்துக்கொள்வது நல்லது.

படகு விரிகுடாவில் நங்கூரமிட, பயணிகள் சிறு றப்பர் தோணியில் துறைமேடைக்கு இறக்கப்படுகிறார்கள். நாய்களைக் கொண்டுவர முடியாது. பைகளுக்குள் எலி ஏதும் ஒளிந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இது வேடிக்கைப் பேச்சல்ல. நிலத்தில் கூடுகட்டும் கடற்பறவைகளை ஒரு சோடி எலிகளின் பெருக்கமே அழித்துவிடும்.

கரையில் பார்க்கக்கூடியவை

தீவைப் பராமரிக்கும் ஸ்கொட்லாந்து தேசிய நம்பிக்கைப் பொறுப்பகத்தின் காவலர் ஒருவர் பயணிகளை வரவேற்று, எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று விளக்குகிறார். பிறகு ஊரைத் தனியாகவும் பார்க்கலாம், வழிகாட்டியோடும் பார்க்கலாம்.

ஊர் என்பது ஒரேயொரு தெரு. விரிகுடாவை நோக்கி வளைந்து நிற்கும் 16 கல்வீடுகள். 1860களில் கட்டப்பட்டவை. அவற்றுக்கிடையே, 1830களில் எழுந்த பழைய வீடுகளின் சுவர்கள். சில வீடுகளுக்குத் திரும்பக் கூரை போட்டிருக்கிறார்கள், மூன்றாம் இலக்க வீடு இப்போது சிறிய அருங்காட்சியகம். மற்றவை கூரையில்லாமல் நிற்கின்றன. அவற்றின் அடுப்படியில் வீட்டு இலக்கமும் கடைசியாக வாழ்ந்தவரின் பெயரும் எழுதிய கற்பலகை சாத்தியிருக்கிறது. தெருவின் பின்புறம் மதில் சூழ்ந்த மயானம். கரையோரத்தில் தேவாலயமும் அதோடு ஒட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடமும்.

மலைச்சரிவெங்கும் புல் முளைத்த கூரையோடு சிறு கற்குடில்கள் தெரியும். இவற்றைக் கிளீட் என்கிறார்கள். ஹேர்ட்டாவில் மட்டும் 1,200க்கு மேல் உண்டு. சாந்து பூசாமல் அடுக்கிய கற்களின் இடைவெளியால் காற்றுப் புகும், புற்கூரையால் மழை புகாது. பறவை இறைச்சி, முட்டை, இறகு, எரிபொருளுக்கான கரிப்புல் எல்லாவற்றையும் இவற்றில்தான் உலர்த்திச் சேமித்தார்கள்.

அந்த மக்களின் வாழ்வு மீனைவிடப் பறவையையே நம்பியிருந்தது. தீவின் உச்சியான கொனக்கேர் 430 மீற்றர். அதன் மறுபக்கம் கடலுக்குள் நேராக விழும் செங்குத்து. ஆண்கள் கயிற்றில் இறங்கி முட்டையும் குஞ்சும் எடுத்தார்கள். நிலவுடைமையாளரான மக்லியோட் குடும்பத்துக்கு வாடகையை இறகாகவும் பறவை எண்ணெயாகவும் கட்டினார்கள். நாளாந்தம் காலையில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலையைத் தீர்மானிப்பது வழக்கம். வெளியிலிருந்து வந்தவர்கள் அதற்குப் 'பாராளுமன்றம்' என்று பெயர் வைத்தார்கள்.

திரும்பும் வழியில் படகு போரரே தீவைச் சுற்றிப் போகும். அங்கே ஸ்டக் அன் ஆர்மின் என்ற 196 மீற்றர் பாறை இருக்கிறது. 1727 ஓகஸ்ட்டில் பறவை பிடிக்க மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் அதில் இறக்கிவிடப்பட்டனர். ஊரில் அம்மை நோய் பரவி, படகெடுத்து வர ஆளில்லாமல் போனது. அடுத்த மே மாதம்தான் அவர்கள் மீட்கப்பட்டார்கள். பதினொரு பேரும் உயிரோடிருந்தார்கள். ஊர்தான் பெரும்பாலும் இறந்து போயிருந்தது.

சுற்றுலாவின் பழைய கணக்கு

இந்தப் பயணத்தில் பலர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. சென் கில்டாவுக்கான சுற்றுலா, மக்கள் வெளியேறிய பின் தொடங்கியதல்ல. 1877இல் டனாரா காசில் என்ற நீராவிக் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இங்கு கொண்டுவந்தது. அப்போது பார்வைப் பொருளாக இருந்தது பறவையோ பாறையோ மட்டுமல்ல, மக்களும்தான். வந்தவர்கள் வெறுங்காலோடு நின்ற பெண்களையும் பாறை ஏறும் ஆண்களையும் படம்பிடித்தார்கள், கம்பளித் துணியும் முட்டையும் வாங்கினார்கள். தீவுக்குக் காசு வந்தது. வெளிப்பொருட்களில் தங்கியிருக்கும் பழக்கமும் வந்தது. கப்பல் கொண்டுவந்த தடிமன் காய்ச்சலும் கூடவே வந்தது.

அந்த மக்களைப் 'பழங்குடி விநோதமாக' எழுதிய பயண நூல்கள் ஏராளம். அவர்கள் எதையும் மாற்ற விரும்பாதவர்கள் என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது. உண்மை வேறு. 19ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பெருந்தொகையினர் சில நாட்களிலேயே ஏற்புவலியால் இறந்தார்கள். அங்கஸ் ஃபிடஸ் என்ற போதகர் தொற்றுநீக்கும் முறையைக் கற்றுவந்து 1890களில் கற்பிக்க, அந்த மரணங்கள் நின்றன. குளிர்காலத்தில் வெளித்தொடர்பு அறுந்துவிடும். அப்போது மரத்துண்டைப் படகுபோலக் குடைந்து, அதற்குள் கடிதத்தை வைத்து, ஆட்டின் சிறுநீர்ப்பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விட்டார்கள். ஒழுங்கான தபாலும் மருத்துவமும் வந்திருந்தால் அவற்றை வேண்டாமென்று சொல்லும் மக்கள் அல்ல அவர்கள்.

1930: விருப்பத்துடனா?

இடம்பெயர்வு என்றதும் எங்கள் நினைவுக்கு வருவது ஷெல்லடியும் தறப்பாள் கொட்டிலும். சென் கில்டாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 1918 மே மாதம் ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று அங்கிருந்த கடற்படை வானொலி நிலையத்தைக் குறிவைத்துச் சுட்டது உண்மை. ஆனால் எவரும் சாகவில்லை. அதற்குப் பின் நிறுவப்பட்ட பீரங்கி இன்றும் கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒருபோதும் போரில் சுடாமல்.

மக்களைத் துரத்தியது வேறு. போர்க்காலத்தில் கடற்படையினர் தங்கியிருந்தபோது ஒழுங்கான தபாலும் உணவும் கூலியும் கிடைத்தன. போர் முடிந்து அவர்கள் போனதும் அவையும் போயின. இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 1697இல் சுமார் 180 ஆக இருந்த சனத்தொகை 1920இல் 73 ஆனது. 1928இல் 37. படகு வலிக்கவும் பாறை இறங்கவும் ஆட்கள் போதாத நிலை. 1930 தொடக்கத்தில் இளம்பெண் ஒருவர் நோயுற்று கிளாஸ்கோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது கடைசி அடி. மே 10 அன்று, தங்களை வெளியேற்றி வேறிடத்தில் குடியமர்த்துமாறு அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள்.

வழிகாட்டிகள் 'அவர்களே கேட்டுத்தான் போனார்கள்' என்று சொல்வது பிழையல்ல. ஆனால் அது பாதிக்கதை. தபாலும் மருத்துவரும் கப்பலும் ஒழுங்காக வராத இடத்தில், போகிறோம் என்று கையெழுத்து வைப்பதை முழு விருப்பம் என்று என்னால் எழுத முடியவில்லை. 'சுயவிருப்பின் பேரில்' என்ற சொற்றொடர் எந்த நாட்டுப் படிவத்தில் வந்தாலும், அதற்கு முன் என்னென்ன மறுக்கப்பட்டன என்று கேட்க வேண்டும்.

முதலில் ஆடுமாடுகள் ஏற்றப்பட்டன. அவற்றை ஏற்றிச் சென்றது, 53 ஆண்டுகளுக்கு முன் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்த அதே டனாரா காசில். நாய்களைக் கொண்டுபோக வழியில்லாமல் கடலில் மூழ்கடித்தார்கள். கடைசிக் காலையில் வீடுகளில் திறந்த வேதாகமத்தையும் ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டு, ஹெயார்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். பலர் மோர்வேர்ன் பகுதியில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆண்களுக்கு அரச வனத் திணைக்களத்தில் வேலை. மரமே இல்லாத தீவில் பிறந்தவர்களுக்கு மரம் நடும் வேலை.

ஆனாலும் அவர்களில் சிலர் 1930களின் கோடைகாலங்களில் திரும்பி வந்து தங்கினார்கள். சொந்த ஊருக்கு விருந்தாளியாக வந்து, சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் சொந்த வீட்டு வாசலில் நின்றார்கள்.

இன்று

1957இல் தீவு தேசிய நம்பிக்கைப் பொறுப்பகத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டு, தெற்கு ஊயிஸ்ட் தீவிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளைக் கண்காணிக்க இராணுவம் இங்கே தளம் அமைத்தது. அது இன்றும் இயங்குகிறது. வெறும் கூரையற்ற வீடுகளை எதிர்பார்த்து வருபவர்களுக்கு மலையுச்சியிலுள்ள ராடார் திடுக்கிட வைக்கும். இங்கே இராணுவம் மக்களை எழுப்பிவிட்டு வரவில்லை, அவர்கள் போய் 27 ஆண்டுகளுக்குப் பின்தான் வந்தது. அந்த வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும்.

1986இல் இயற்கைக்காகவும் 2005இல் பண்பாட்டுக்காகவும் யுனெஸ்கோ சென் கில்டாவை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. கோடையில் காவலர்கள், ஆய்வாளர்கள், தளப் பணியாளர்கள் இருப்பார்கள். மேய்ப்பாரின்றித் திரியும் சோய் செம்மறிகள் 1985 முதல் தொடர்ந்து ஆய்வு செய்யப்படுகின்றன. ஆட்டுக்குக்கூட பிறப்பு, இறப்புப் பதிவு இருக்கிறது.

மனிதர்களின் கதை அப்படிப் பதியப்படவில்லை. சென் கில்டா பற்றி வந்துபோனவர்கள் எழுதிய நூல்கள் ஒரு அலுமாரியை நிரப்பும். தீவில் பிறந்தவர்கள் எழுதியவை மிகச் சில. அவற்றில் ஒன்று, 1924இல் தீவை விட்டுப் போய்க் கனடாவில் போதகராகிய டொனால்ட் ஜோன் கில்லிஸின் நினைவுக்குறிப்பு. 2010இல் வெளியான அந்த நூலின் தலைப்பே 'சென் கில்டா பற்றிய உண்மை' என்ற பொருள் தருவது. பிறர் எழுதியதைத் திருத்த வேண்டிய தேவை அவருக்கு இருந்தது.

1930இல் எட்டு வயதுச் சிறுமியாகக் கப்பலேறிய ரேச்சல் ஜோன்சன் 2016 ஏப்ரலில், 93 வயதில் காலமானார். வெளியேறியவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர். இனி வழிகாட்டி தவறாகச் சொன்னால், 'இல்லைத் தம்பி, அப்படியில்லை' என்று குறுக்கிட அந்தத் தெருவில் பிறந்த எவரும் இல்லை. ஆட்கள் இல்லாத ஊரின் கதையைப் படகுக்காரரும் பொறுப்பகமும் என்னைப் போன்ற செய்தியாளரும்தான் சொல்லிக்கொண்டிருப்போம். எங்கள் ஊர்களின் ஒழுங்கைகளையும் கிணறுகளையும் வீட்டுப் பெயர்களையும் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னமும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய ஒரு கைத்தொலைபேசி போதும்.