அடிப்பிடித்த பாத்திரமும் அடுப்பின் சரித்திரமும்

போன மாதம் புனேயிலிருந்து என் பேத்தி போன் செய்தாள். “பாட்டி, பாயசம் வைக்கறச்சே பால் அடிப்பிடிச்சுடுத்து. எவர்சில்வர் பாத்திரம், ஒரே கரி. தூக்கிப் போட்டுடட்டுமா?” என்றாள். “போடாதே” என்று சொல்லி வழியும் சொன்னேன். போனை வைத்ததும் பழைய நினைவுகள் வந்தன. அவற்றை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

என் பால்யம் கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கத்தில் கழிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த பாட்டி, வெண்கலப் பானையையும் ஈயச் சொம்பையும் கூடவே கொண்டுவந்திருந்தாள். ஊரில் விறகடுப்பு. அதன் சாம்பல், பிழிந்து போட்ட புளிச் சக்கை, தேங்காய் நார் இவை போதும். தேய்க்கக் காலணா செலவில்லை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் உண்டு. அது பிசுக்கை எடுக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் வெண்கலத்தின் கறுப்பைக் கரைக்கும். பாட்டிக்கு ரசாயனம் தெரியாது. எதற்கு எது என்று தெரியும்.

கல்கத்தாவில் கரி அடுப்பு. நிலக்கரிச் சாம்பல் முரடு, காரமும் குறைவு. பாட்டி அதைச் சலித்து, புளியைக் கூடுதலாகச் சேர்ப்பாள். பானை அடிப்பிடித்தால், சூடு ஆறும்வரை பச்சைத் தண்ணீர் விடமாட்டாள், வெண்கலம் வெடித்துவிடும். ஈயமோ 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ரசம் வற்றினால் சொம்பே மிஞ்சாது. தேய்க்கும் கேள்வியே இல்லை!

தேய்த்தது யார்? சாதம் பட்ட பாத்திரம் ‘பத்து’. முற்றத்துக் குழாயடியில் அதைத் தேய்த்தவள் ஒரு வங்காளி அம்மாள். அவள் பளபளவென்று தேய்த்து வைத்ததைப் பாட்டி மறுபடி ஜலம் விட்டு அலம்பித்தான் உள்ளே எடுப்பாள். அன்று எனக்கு அது ஆசாரமாகத்தான் பட்டது. சாம்பலும் புளியும் அரித்த அவள் விரல்களை ஒரு நாளும் நான் பார்க்கவில்லை என்பது இப்போது உறுத்துகிறது. சிக்கனம் என்று நாம் பெருமைப்படுவதில் அவள் உழைப்பும் அடக்கம்.

1965 அக்டோபரில் கல்கத்தாவில் இண்டேன் காஸ் வந்தது. எங்கள் வீட்டுக்கு வர மேலும் சில வருஷங்கள் ஆயின. காஸ் வந்ததும் சாம்பல் நின்றது. தேய்க்கும் பொடியைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தோம். வெண்கலம் பரணுக்குப் போய், எவர்சில்வர் வந்தது. 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய, குரோமியம் கலந்த எஃகின் வழிவந்தது அது. துருப்பிடிக்காது, புளிப்புக்கு அஞ்சாது. ஆனால் சூட்டைச் சீராகப் பரப்பாது. அதனால்தான் தீ படும் இடத்தில் சட்டென்று அடிப்பிடிக்கிறது.

பேத்திக்குச் சொன்ன வழி இதுதான்: பாத்திரம் ஆறியபின், கரி மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விடவேண்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் மரக்கரண்டியால் சுரண்டினால் கரி பெயர்ந்து வரும். விறகுச் சாம்பலைப் போலவே சோடாவும் காரம்தான். அலுமினியத்துக்கு மட்டும் சோடா ஆகாது, கறுத்துவிடும். அதற்குப் புளித்தண்ணீர் விட்டுக் கொதிக்கவைக்கலாம். நான்ஸ்டிக்கைச் சுரண்டவே கூடாது.

மறுநாள் பாத்திரத்தின் படம் வந்தது. பளிச்சென்று இருந்தது. “யார் தேய்ச்சா?” என்று கேட்டேன்.

“நானேதான் பாட்டி. கை வலிக்கறது” என்றாள்.