அனுமதிப்பத்திரத்துடன் முடிந்துவிடாத பொறுப்பு

தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 இன் இறுதியில் கோரியிருந்தமை வாசகர்கள் அறிந்ததே. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்குகின்றது. ஆயினும், அனுமதிப்பத்திரம் மாத்திரம் விபத்தைத் தடுத்துவிடாது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

ரவைக்கூட்டைக் கழற்றிய பின்னரும் கைத்துப்பாக்கியின் அறையினுள் ஒரு ரவை எஞ்சியிருக்கக்கூடும். அதனையும் அகற்றிய பின்னரே துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுதல் வேண்டும். ரவைகளை வேறோரிடத்தில் பூட்டி வைத்தலே முறையாகும். தலையணையின் கீழோ, அலுமாரித் துணிகளுக்கிடையிலோ ஒளித்து வைப்பது பாதுகாப்பாகாது. சிறுவர் தேடி எடுத்துவிடுவர். உடன் கொண்டு செல்வோர், விசையை முழுமையாக மூடும் உறுதியான உறையையே தெரிவு செய்தல் வேண்டும்.

வீட்டைக் காக்கப் பெற்ற ஆயுதம், அவ்வீட்டுப் பிள்ளையின் உயிருக்கே உலையாகிவிடலாகாது.