இல்லாமைக்கும் சான்று வேண்டும்: ஆண்ட்ரோமீடாவில் தோன்றி மறையும் எக்ஸ் கதிர் மூலங்கள்

வானில் ஒரு பொருள் இருக்கிறது என்று நிறுவ ஒரு படம் போதும். அது முன்பு இல்லை என்று நிறுவக் குறைந்தது இரண்டு படங்கள் வேண்டும். தோன்றி மறையும் எக்ஸ் கதிர் மூலங்களின் வரலாறு இந்த இரண்டாவது படத்தின் வரலாறே.

இவற்றுட் பல இரட்டை விண்மீன்கள். துணை விண்மீனிலிருந்து கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ இழுக்கும் வாயு, வட்டாகச் சுழன்று ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. வட்டு வெப்பமடைந்து நிலைகுலையும்போது வாயு விரைந்து உள்ளே பாய்கிறது. சில வாரங்களோ மாதங்களோ ஒளிர்ந்தபின் மூலம் மீண்டும் அடங்கிவிடுகிறது. 1975 ஆகஸ்டில் ஏரியல் 5 செயற்கைக்கோள் கண்ட ஏ 0620-00, சூரியனை விடுத்தால், சில காலம் வானிலேயே மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலமாக விளங்கியது. பின்னர் ஹார்வர்டின் பழைய ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தபோது, அதே விண்மீன் 1917இலும் ஒளிர்ந்திருந்தது தெரியவந்தது. 'புதியது' எனப்பட்டது, 58 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்ததே.

நம் பால்வெளியில் தூசு கதிர்களை மறைக்கிறது. மூலங்களின் தொலைவைக் கணிப்பதும் கடினம். சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமீடாவிலோ எல்லா மூலங்களும் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. ஆகவே தோற்றப் பிரகாசத்தைக் கொண்டே உண்மை ஒளிர்திறனை ஒப்பிடலாம்.

1978இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் ஆய்வகம் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட மூலங்களைக் காட்டியது. 1990இல் ஏவப்பட்ட ரோசாட்டின் முதல் அளவாய்வு 396 மூலங்களைப் பட்டியலிட்டது. ஆயினும் கூடுதலாகக் கிடைத்தவை யாவும் புதிதாகத் தோன்றியவை அல்ல. பல, முந்தைய கருவியின் கண்ணுக்கு எட்டாதவை. இங்கு இல்லாமை என்பது கருவியின் உணர்திறனுக்கு உட்பட்ட இல்லாமை. எந்த ஒளிர்திறனுக்குக் கீழே தன்னால் காண இயலாது என்பதைச் சொல்லாத பட்டியல், 'அன்று இல்லை' என்பதற்குச் சான்றாகாது.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி, 1999 அக்டோபரில் ஆண்ட்ரோமீடாவை முதன்முதலாக நோக்கியபோதே, மையத்தருகே முன்பு காணப்படாத பிரகாசமான மூலமொன்றைப் பதிவுசெய்தது. அதன்பின் சந்திராவும் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் அதே பகுதியை மீண்டும் மீண்டும் நோக்கின. அதனாலேயே மூலங்கள் தோன்றிய காலத்தையும் தணிந்த விதத்தையும் அளக்க முடிந்தது. 2012 ஜனவரியில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் கண்ட ஒரு மூலம் இத்தகையது. அதன் ரேடியோ ஒளிர்வு சில பத்து நிமிடங்களில் மாறியதால், கதிர்வீசும் பகுதி மிகச் சிறியது என்பது புலனாயிற்று. விண்மீன் நிறையுள்ள கருந்துளையொன்று எடிங்டன் வரம்பையொட்டி வாயுவை விழுங்குவதாக ஆய்வாளர்கள் விளக்கினர்.

தொலைநோக்கி நேரத்துக்குக் கடும் போட்டி நிலவும் துறையில், ஏற்கெனவே பார்த்த இடத்தையே மறுபடி பார்க்கக் கேட்பது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் எதுவும் தோன்றாத ஒரு படம் தோல்வியன்று. அதே இடத்தில் பின்னர் ஒரு புள்ளி ஒளிரும்போது, அது எந்த நாளுக்குப் பிறகு தோன்றியது என்று சொல்லக்கூடிய ஒரே ஆவணம் அதுவே.