தீயைத் தீயால் தடுத்தல்

முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்பது நமக்குத் தெரியும். தீயைத் தீயால் தடுக்க முடியுமா? முடியும் என்று நம் நாட்டு மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் வைத்த தீயைச் சட்டம் குற்றமாக்கியது. இது வெறும் ஏட்டு வழக்கு அன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீ, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தீ எரிய மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஏரிக்கரைகளில் கோடையில் காய்ந்த புல் எரிவதைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். பசும்புல் எளிதில் பற்றாது. காய்ந்த புல்லோ நொடியில் பற்றும். காட்டில் காற்றையும் வெயிலையும் நம்மால் அடக்க இயலாது. நம் கைக்கு எட்டுவது எரிபொருளாகிய சருகும் புல்லுமே. தரையில் ஈரம் இருக்கும்போதே அவற்றைச் சிறு தீயால் அகற்றிவிட்டால், கோடையில் பெருந்தீக்கு இரை குறைந்துவிடும். இதுவே திட்டமிட்ட தீயின் தத்துவம்.

சட்டம் வந்தது

1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாக டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் பொறுப்பேற்றார். அக்கால வனவியலார் தீயைக் காட்டின் முதற் பகைவனாகக் கருதினர். 1860-களில் மத்திய மாகாணத்தின் போரி காட்டில் கர்னல் பியர்சன் தீத்தடுப்பு முயற்சியைத் தொடங்கினார். 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும், 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் ஒதுக்குக் காடுகளில் தீ வைப்பதைக் குற்றமாக்கின.

பர்மா கற்பித்த பாடம்

பின்பு நடந்தது என்ன? அப்போது இந்தியாவோடு இணைந்திருந்த பர்மாவில், தீ படாமல் காத்த தேக்குக் காடுகளில் புதர்கள் அடர்ந்து நிழல் கவிந்தது. ஒளியை விரும்பும் தேக்கின் கன்றுகள் அந்நிழலில் தழைக்கவில்லை. 1896-ஆம் ஆண்டிலேயே ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று எழுதினார். வங்காளம், அசாம் பகுதிகளில் சால் மரக் காடுகளிலும் இதே நிலைதான். காத்தவர்களே, காப்பின் தீமையைக் கண்டனர்! நீண்ட விவாதத்திற்குப் பின், ஈரமான சில காடுகளில் முன்பருவத் தீயை வனத்துறையினரே கையாளத் தொடங்கினர்.

சோளகரின் சருகுத் தீ

இவ்வறிவு மலைவாழ் மக்களுக்குப் புதிதன்று. சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி, கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கு வாழும் சோளகர் 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, வைப்பது வழக்கம். கோடை முற்றுமுன் வைக்கும் அத்தீ தரையை ஒட்டித் தாழ்ந்து எரியும்; தடித்த பட்டையுள்ள பெருமரங்களைக் கொல்லாது. மழைக்குப் பின் புதுப்புல் துளிர்க்கும். நெல்லி மரத்தை உறிஞ்சும் புல்லுருவியும் மட்டுப்படும் என்பர் சோளகர்.

1974-இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாகியது. சருகுத் தீயும் தடைப்பட்டது. அதன் பின்னரே உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது சோளக முதியோர் கூற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த புதர் அது. 1997-க்கும் 2008-க்கும் இடையில் அங்கு அது பெருமளவு பெருகியதை ஆய்வாளர்களும் கண்டனர். தீ நின்றது மட்டுமே காரணமா என்பதில் அறிவியலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் புதர் அடர்ந்த காட்டில் பிடிக்கும் தீ, சருகுத் தீயைப் போல் தாழ்ந்து எரியாது. கொழுந்துவிட்டு மரத்தின் உச்சிக்கு ஏறும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததை நாம் அறிவோம்.

எல்லாக் காடும் ஒன்றல்ல

அப்படியானால் காடெல்லாம் கொளுத்தலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. சோலைக்காட்டு மரங்களுக்குத் தீயைத் தாங்கும் ஆற்றல் இல்லை. இலையுதிர் காட்டிலும் அடிக்கடி எரிந்தால் இளங்கன்றுகள் மடியும். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதே கேள்வி. தீத்தடுப்புக் கோடுகளில் புல்லை வெட்டிக் கோடைக்கு முன் எரிப்பது வனத்துறையினர் இன்றும் செய்யும் பணி. அமெரிக்காவும் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றது. எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைக்க வேண்டும் என்று 1935-இல் விதித்த அந்நாடு, 1968 முதல் தன் தேசியப் பூங்காக்களில் அக்கொள்கையைத் தளர்த்தியது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2011-இல் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகருக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. ஆனால் தீயின் பருவமும் காற்றின் திசையும் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். ஏட்டில் ஏறாத அவ்வறிவைச் சோதித்துப் பார்க்கவாவது, அது மறையுமுன் நாம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டாமா?