கொழும்புத் திரையும் 365ஆம் பிரிவும்

இலங்கையில் தன்பால் உடலுறவு, பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். அதன் 365ஆம் பிரிவு பத்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் செய்த திருத்தத்தில் 'ஆண்' என்ற சொல் நீக்கப்பட, பெண்களும் அதற்குள் அடங்கினர்.

தன்பாலீர்ப்பைச் சொல்லும் குறும்படத்தின் முன்னோடிகளை மேற்கு நாடுகளில் காணலாம். அமெரிக்காவில் கென்னத் ஆங்கர் 1947இல் எடுத்த 'ஃபயர்வொர்க்ஸ்' ஆபாச வழக்கைச் சந்தித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் ஜெனே 1950இல் எடுத்த 26 நிமிட மௌனப் படத்தில் அடுத்தடுத்த சிறையறைகளில் இரு கைதிகள் இருக்கிறார்கள். ஒருவன் சுவரிலுள்ள துளையில் வைக்கோல் தண்டைச் செருகிச் சிகரெட் புகையை ஊதுகிறான். மற்றவன் அதை வாயில் வாங்குகிறான். காவலாளி ஒளிந்து நின்று பார்க்கிறான். ஈர்ப்பு, தடை, கண்காணிப்பு ஆகிய மூன்றும் பின்னர் இவ்வகைப் படங்களின் நிலையான கூறுகளாயின.

கொழும்பில் ஆணுடலின் அழகைக் கமராவில் பதித்த முன்னோடி லயனல் வெண்ட் (1900–1944). 1934இல் வெளியான 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தின் வர்ணனைக் குரலும் அவருடையதே. அவர் வீடிருந்த இடத்தில் 1953 முதல் அவர் பெயரிலேயே அரங்கொன்று இயங்குகிறது.

கதைப்படங்கள் வெகுகாலம் கழித்தே இந்தப் பொருளைத் தொட்டன. அசோக ஹந்தகமவின் 'தனி தட்டுவென் பியாபன்ன' (2002) ஆணாக வாழும் ஒரு பெண்ணின் கதை. கராஜில் வேலை செய்யும் அவர் ஒரு பெண்ணை மணந்து வாழ்கிறார். சட்டத்தரணியான விசாகேச சந்திரசேகரம் 2014இல் இயக்கிய 'பிராஞ்சிபனி' இரு இளைஞரும் ஒரு பெண்ணும் சிக்கிக்கொள்ளும் காதலைக் காட்டியது. இவ்விரண்டும் சிங்களப் படங்கள்.

தமிழர் கதை புலம்பெயர்ந்தோர் வழியே வந்தது. தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை, கனடாவிலிருந்து 1994இல் 'ஃபன்னி போய்' நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பாட்டி வீட்டில் சேலை சுற்றி மணப்பெண்ணாக விளையாடும் சிறுவனின் கதையாகத் தொடங்கி, 1983 ஜூலை வன்செயலில் முடிகிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்கள் அவை. தீபா மேத்தா 2020இல் இந்நாவலைப் படமாக்கியபோது, முக்கியத் தமிழ்ப் பாத்திரங்களில் தமிழர் நடிக்கவில்லை என்றும் வசனத் தமிழ் இலங்கைப் பேச்சுப்போல ஒலிக்கவில்லை என்றும் ஈழத்தமிழர் கண்டித்தனர்.

குறும்படங்களுக்கு மேடை தந்தவை உரிமை அமைப்புகள். 2004இல் தொடங்கிய ஈக்குவல் கிரவுண்ட், மறுவருடம் முதல் கொழும்பில் பிரைட் நிகழ்வுகளை நடத்தி, அவற்றோடு திரைப்பட விழாவையும் சேர்த்துக்கொண்டது. குற்றமென எழுதப்பட்ட உறவைச் சொல்லும் உள்நாட்டு, வெளிநாட்டுப் படங்கள் அங்கே திரையேறின.

365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது நிறைவேறுமுன்பே, 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.