எல்லை அறியாப் பயிர்நோய்

1869ஆம் ஆண்டிலே இலங்கையின் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் அதிபர் துவைற்றிசு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி, புறூம் என்னும் அறிஞர் இருவர் அதனைப் புதியதொரு பூஞ்சணம் எனக் கண்டு, 'எமிலேயா வாசுத்தாத்திரிக்சு' எனப் பெயரிட்டனர். பின்னைய சொல்லின் பொருள் 'பாழாக்குவது' என்பதாம். பெயர் பொய்க்கவில்லை.

1880இல் இலங்கைக்கு வந்த மாசல் வாட் என்பார், அப்பொடியே நோயின் வித்து என்பதையும், காற்று அதனைத் தோட்டந்தோறும் சுமந்து செல்வதையும் காட்டினார். மலைகள் தோறும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டிருந்தமை நோய்க்கு வழி திறந்துவிட்டது. மருந்து கிட்டவில்லை. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து காடழித்துத் தோட்டம் அமைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் கூலி நிலுவையோடு நின்றனர். தப்பிய தோட்டங்கள் தேயிலைக்கு மாறின.

அக்காலத்திலேயே பிரான்சு நாட்டின் முந்திரிகைத் தோட்டங்களை மற்றொரு பகை அழித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து வந்த 'பிலொட்சரா' என்னும் சிறு பூச்சி வேர்களை உறிஞ்சிக் கொடிகளை மாய்த்தது. தன் எல்லைக்குள் மட்டும் சட்டமியற்றுவதாற் பயனில்லை என்பதை அரசுகள் உணர்ந்தன. 1878இல் ஐரோப்பிய நாடுகள் சில சுவிற்சர்லாந்தின் பேண் நகரிற் கூடி, கொடிகள் நாடு விட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. பயிர்காப்புக்கென அரசுகள் செய்த முதற் பன்னாட்டு உடன்படிக்கை இதுவேயாம்.

அது ஒரு பயிருக்கும் ஒரு பூச்சிக்கும் உரியது. எல்லாப் பயிர்களையும் தழுவ 1929இல் உரோமாபுரியிற் செய்த உடன்படிக்கையைச் சில நாடுகளே ஏற்றன. 1951ஆம் ஆண்டு டிசம்பரில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் அனைத்துலகப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1952இல் அது நடைமுறைக்கு வந்தது. அதனை முதன்முதல் ஏற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. கோப்பியை இழந்த நாடு முன்வந்தது பொருத்தமே.

அதன்படி ஒவ்வோர் அரசும் பயிர்காப்பு அலுவலகம் ஒன்றை நிறுவல் வேண்டும். ஏற்றுமதியாகும் செடிகளைப் பரிசோதித்து அத்தாட்சிப் பத்திரம் வழங்கல் வேண்டும். தன் நாட்டில் நோய் தோன்றின் மறையாது அறிவித்தல் வேண்டும். ஆயினும் நோயைச் சாட்டாகக் கொண்டு வாணிகத்தை வீணே தடுத்தலாகாது. 1997இல் திருத்தப்பட்ட இவ்வுடன்படிக்கையில் இன்று நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தரப்பினர் இணைந்துள்ளனர்.

இலங்கையைப் பாழாக்கிய அப்பூஞ்சணம் 1970இற் பிரேசில் நாட்டிலும் காணப்பட்டது. காற்றுக்குக் கடவுச்சீட்டு இல்லை. ஆயினும் நோய் தோன்றிய செய்தி முந்திச் சென்றால், அயல்நாட்டு உழவன் ஆயத்தமாய் நிற்கலாம்.