இரண்டு பேத்திகள், ஒரே இங்கிலீஷ்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

தென்காசிப் பக்கத்தில் ஒரு கிராமம். 1900-ம் வருஷ வாக்கில் அங்கே அண்ணன், தம்பி இரண்டு பேர். மழை பொய்த்துவிட்டது. அண்ணன் காடு கரையைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே கிடந்தார். தம்பி சென்னைக்குப் போய், கரும்புத் தோட்டக் கூலியாக தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

இந்தக் குடும்பம் நமது கற்பனை. கப்பல் மட்டும் நிஜம். 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி, 1860 நவம்பரில் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911-ல் இந்த ஆள் அனுப்பும் வேலை நிற்கும்வரை சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் அப்படிப் போனார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். அண்ணன் வழிப் பேத்தி குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறாள். தம்பி வழிப் பேத்தி டர்பனில் பட்டம் வாங்கியிருக்கிறாள். இருவருக்கும் தென்கொரியா போய் ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. அங்கே தெருவுக்குத் தெரு ஆங்கில டியூஷன் சென்டர். 'ஹாக்வோன்' என்பார்கள். அரசுப் பள்ளிகளுக்கும் 1995 முதல் வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைக்கிறார்கள்.

இதற்கான விசாவுக்கு 'இ-2' என்று பெயர். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா... இந்த ஏழு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால்தான் 'ஆங்கிலம் தாய்மொழி' என்று கணக்கு. டர்பன் பேத்தி உள்ளே. தென்காசிப் பேத்தி வெளியே. நூறு வருஷத்துக்கு முன் ஒரு தம்பி கப்பல் ஏறியதுதான் வித்தியாசம்!

சரி, டர்பன் பெண்ணுக்காவது வேலை சுலபமா? அதுவும் இல்லீங்க. விண்ணப்பத்தோடு போட்டோ கேட்பது அங்கே வெகுகால வழக்கம். போட்டோவைப் பார்த்ததும் பல சென்டர்கள் மௌனமாகிவிடும்.

இதில் பெரிய வேடிக்கை, கொரிய ரத்தத்துக்கே இந்தக் கதிதான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளியினரை 'கியோபோ' என்பார்கள். 1999-ல் வந்த சட்டத்தால் இவர்களுக்குத் தனி விசாவே உண்டு. தாத்தாவின் தேசம் கதவை அகலத் திறந்தது. ஆனால் ஆங்கிலம் சொல்லித்தரப் போனால், "எங்க பசங்களோட அம்மாக்கள் வெள்ளைக்கார டீச்சரைத்தான் எதிர்பார்ப்பாங்க" என்கிற கதையாகிவிடுகிறது. நம்மைப் போலவே முகம் இருக்கிறதே, இவருக்கு என்ன இங்கிலீஷ் வரும் என்ற சந்தேகம்!

முகத்தைப் பார்த்து இங்கிலீஷை எடைபோடும் இந்தப் பழக்கத்துக்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. வலங்கைமானில் 1869-ல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். காந்தி சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான். 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று ஆங்கிலேயர்களே கொண்டாடினார்கள். 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாகத் தென்னாப்பிரிக்கா போனார். தலைப்பாகையோடு மேடையேறி அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்க வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அதே நாட்டில்தான், 1928-ல் கிளார்க்ஸ்டார்ப் என்ற ஊரில், நிறவெறிக் கும்பல் ஒன்று புகுந்து அவருடைய கூட்டத்தைக் கலைத்தது.

சாஸ்திரி அசரவில்லை. நம் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்க நல்ல உயர்நிலைப் பள்ளி இல்லையே என்று இந்தியர்களிடம் நன்கொடை திரட்டினார். 1929-ல் டர்பனில் 'சாஸ்திரி காலேஜ்' திறக்கப்பட்டது. அங்கே பாடம் நடத்த இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் கப்பலில் போனார்கள்.

இப்போது மறுபடி நம் கணக்கைப் பாருங்கள். டர்பன் பேத்தியின் சமூகத்துக்குப் பள்ளிக்கூட வாசலைத் திறந்துவிட்டவர், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வாத்தியார். இன்று அந்தப் பேத்திக்கு ஆங்கிலம் தாய்மொழி. அந்த வாத்தியாரே உயிரோடு வந்து வரிசையில் நின்றாலும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 'இ-2' பட்டியலில் இடம் கிடையாது!

சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ஆசிரியர்கள் எத்தியோப்பியா, பூட்டான் என்று போனார்கள். ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்கள். இவர்களிடம் இங்கிலீஷ் கற்ற ஒரு தலைமுறையே அங்கே உண்டு.

கொரியாவிலும் ஒரு ஜன்னல் திறந்தது. 2009-ல் கையெழுத்தாகி, 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராகலாம் என்று ஒரு ஷரத்து. அமெரிக்கருக்குப் பாஸ்போர்ட்டும் ஒரு பட்டமும் போதும். நம் பெண்ணோ ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும். ஆகவே தென்காசிப் பேத்திகளே, பி.எட்.டை விட்டுவிடாதீர்கள்.

அதிருக்கட்டும், இன்னொரு கேள்வி நமக்கும் உண்டு. நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் விளம்பரப் பலகைகளை நிமிர்ந்து பாருங்கள். பாடம் நடத்துவது உள்ளூர் டீச்சர். போர்டில் சிரிப்பது யார் முகம்?